சேக்காளி விட்டுட்டுப் போன மார்க் 4 அம்பாசடர்: வருசத் திதிக்குப் பாபநாசம் வரை ஓட்டிரலாமா?

பாளை_எண்ணூறு:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

வண்டி 1984 அம்பாசடர் மார்க் 4. பெட்ரோல், 1489 சிசி, எஸ்யூ கார்பரேட்டர். என் சேக்காளியோடது. போன ஆடியில அவன் தவறிட்டான். எங்களுக்குள்ள பழக்கம் பிடிச்சதே கார் விஷயத்துலதான். அதனால அவன் நினைப்புக்கு வேற எதுவும் செய்யத் தோணல. வர்ற ஆடியில வருசத் திதி. மதினியும் பையனும் பாபநாசத்துல திதி குடுக்கப் போறாங்க. அந்த வண்டியிலேயே போகணும்னு பையன் சொல்லுதான், மதினிக்கும் சம்மதம்.

நிலவரம் இதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தப்ப வண்டி சிந்துபூந்துறை ஷெட்ல நின்னுது. வீல் நடு வரைக்கும் தண்ணி ஏறினதுக்குச் சுவத்துல இன்னமும் கோடு இருக்கு. வடிஞ்சதும் கட்டி இழுத்துப் பாளைக்குக் கொண்டாந்தாச்சு. அதுக்குப் பெறகு யாரும் சாவி போடல. டேங்க்ல கால்வாசி பெட்ரோல் அப்படியே கிடக்கு. பேட்டரி செத்துப் போச்சு. நியூட்ரல்ல தள்ளினா நகருது. கியர்ல போட்டா, கிளட்ச்சை முழுசா மிதிச்சும் நகர மாட்டேங்குது.

அவன் எழுதின 80 பக்க நோட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. எங்க சேக்காளிக் கூட்டத்துல உள்ள எல்லார் வண்டிக்கும் தனித்தனிப் பக்கம் போட்டிருக்கான். என் மாருதிக்கு ஆயில் மாத்தின கிலோமீட்டர் வரை அதுல இருக்கு. அம்பாசடர் பக்கத்துல மேலே இப்படி எழுதியிருக்கான்:

டா 15 சூடு. பா 15. பி 25.
8-1, 6-3, 4-5, 7-2, 1-8, 3-6, 5-4, 2-7. எல்லாம் 9.
12 முகம் கீழே, பெறகு காது சொல்லும்.

முதல் வரி ஓரளவு புரியுது. மத்த ரெண்டும் பிடிபடல. ஆர்சி இன்னும் அவன் பேர்லதான் இருக்கு, ரினீவலும் முடிஞ்சு போச்சு. வந்து பாத்த ஒரு மெக்கானிக், இஞ்சினைத் தூக்கிட்டு டீசல் இஞ்சின் வைங்க, முழுசா பெயின்ட் அடிச்சிருங்கன்னு சொல்லிட்டுப் போனார். எங்கேருந்து தொடங்கணும்?

தச்சநல்லூர்_டாப்பெட்:

முதல்ல ஒண்ணு. யார் சொன்னாலும் புது பேட்டரி வாங்கி மாட்டிச் செல்ஃப் அடிச்சுப் பாக்காதீங்க. கட்டி இழுத்தும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல ஒட்டியிருந்தா ஒரு இழுப்புல ஒடஞ்சிரும். வால்வு கைடுல பிடிச்சு நின்னா புஷ்ராடு வளையும். இப்போதைக்குத் திறந்து பாக்குறது மட்டும் போதும்.

வெள்ளத் தண்ணி வீல் நடு வரைக்கும்னா கிரவுன் ஹவுசிங் (பின் ஆக்சில் நடுவுல உள்ள பல்சக்கரப் பெட்டி), கியர்பாக்ஸ், சம்ப் (இஞ்சின் அடியில ஆயில் நிக்குற தொட்டி), பிரேக் டிரம் நாலும் தண்ணிக்குள்ள இருந்திருக்கு. இஞ்சின் தலை தப்பிச்சிருச்சு. அதனால வேலை கீழேருந்து தொடங்குது.

சம்ப் டிரெயின் பிளக்கை ஒரேயடியா கழட்டாம மெதுவா, சொட்டு விடுற அளவுக்கு மட்டும் தளத்துங்க. தண்ணி ஆயிலை விடக் கனம், அடியில நிக்கும். உள்ள ஏறியிருந்தா முதல்ல தண்ணிதான் வரும், அதை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சுப் பாருங்க. ஆயில் மட்டும் வந்தா பாதி கவலை தீந்துது. கிரவுன்லயும் கியர்பாக்ஸ்லயும் இதே மாதிரி. பால் விட்ட காப்பி நிறத்துல வந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். கிரவுன் ஹவுசிங் மேல சின்னதா காத்து போக ஒரு பிரீத்தர் இருக்கும், தண்ணி அது வழியாவும் ஹப் ஆயில் சீல் வழியாவும் போகும். பிரீத்தரைக் கழட்டி ஊதிப் பாருங்க. அது அடைச்சிருந்தா, புது ஆயில் ஊத்தினாலும் சூடேறினதும் சீலைத் தள்ளிக்கிட்டு டிரம்முக்குள்ள வந்துரும்.

ஸ்பேனர் விஷயம். இந்த இஞ்சின் ஆங்கிலேய பிஎம்சி பி சீரிஸ் வம்சம், போல்டு எல்லாம் இன்ச் அளவு. அரை இன்ச்ங்கிறது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் போட்டா முதல் தடவை கழலும், துருப்பிடிச்ச இடத்துல தலை உருண்டு போகும். 7/16, 1/2, 9/16 மூணும் ரிங் ஸ்பேனரா வாங்கிக்கிடுங்க.

அடுத்தது இஞ்சின். நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு டீஸ்பூன் இஞ்சின் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்க. ரெண்டு மூணு நாள் ஊறட்டும். பெறகு முன் பம்பர் ஓட்டை வழியா ஹேண்டிலை விட்டு, கையாலயே சுத்துங்க. கட்டை விரலைச் சுத்திப் பிடிக்காம மத்த விரலோட ஒரே பக்கமா வைங்க, கீழேருந்து மேலே இழுக்குற மாதிரி மட்டும் சுத்துங்க. ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைச்சா கட்டை விரல்தான் முதல்ல போகும். இப்ப பிளக் இல்லாததால உதைக்காது, ஆனா பையன் கத்துக்கிடும்போதே சரியாக் கத்துக்கிடட்டும். சுத்த மறுத்தா பலம் போடாதீங்க, மறுபடி ஊற வைங்க.

சுத்தினா ராக்கர் கவரைத் திறந்து வச்சு, புது 20-50 ஆயில் சுமார் 4 லிட்டர் ஊத்தி, டிப் ஸ்டிக் பாத்து நிறைச்சுக்கிடுங்க. பிளக் இல்லாமலேயே செல்ஃப்ல பத்துப் பத்து செகண்டா விட்டு விட்டுச் சுத்தி, ராக்கர் ஷாப்ட்டுக்கு ஆயில் ஏறி வழியுதான்னு கண்ணால பாருங்க. ஏறின பெறகுதான் பிளக் மாட்டணும்.

இப்ப உங்க சேக்காளி நோட்டு. அந்த மூணு வரியிலயே அவர் கையில வேலை தெரிஞ்சிருக்குன்னு தெரியுது.

டா, பா, பி மூணும் டாப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (பொறிக்குக் கரன்ட்டை வெட்டுற முனை), பிளக். கணக்கு ஆயிரத்துல ஒரு இன்ச். 15ன்னா 0.38 மில்லிமீட்டர், 25ன்னா 0.64. இடைவெளி அளக்குற ஃபில்லர் கேஜ்ல 0.38 தகடு இல்லேன்னா, 0.35 தகடு லேசா உரசிப் போகணும், 0.40 போகக்கூடாது, அவ்வளவுதான். 'சூடு'ன்னு அவர் எழுதினது டாப்பெட்டுக்கு மட்டும். முதல் தடவை குளிர்ச்சியில வச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு, ஒரு நாள் ஓடி நல்லா சூடேறின பெறகு மறுபடி அதே 15 வைங்க.

ரெண்டாவது வரி டாப்பெட் வைக்குற வரிசை. ரேடியேட்டர் பக்கத்துலருந்து எண்ணினா 8 வால்வு. 8ஆவது வால்வு முழுசா அமுங்கித் திறந்து நிக்கும்போது 1ஆவதை அட்ஜஸ்ட் பண்ணணும், ஏன்னா அந்த நேரத்துல 1ஓட கேம் முழுசா முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கும். அடுத்து 6 திறந்தா 3, 4 திறந்தா 5, அப்படியே போகும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9. வரிசையை மறந்தாலும் திறந்து நிக்குற வால்வு நம்பரை 9லருந்து கழிச்சா போதும். அவர் எழுதின வரிசையிலேயே செஞ்சா ஹேண்டில் ரெண்டே சுத்துல எட்டும் முடிஞ்சிரும், முன்ன பின்ன போக வேண்டாம்.

மூணாவது வரி கார்பரேட்டர். அதை எஸ்யூ தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

மேலப்பாளையம்_டிரம்:

எல்லாரும் இஞ்சின் சத்தம் கேக்கத்தான் துடிப்பாங்க. வண்டி ஓடுறதை விட நிக்குறது முக்கியம், அதுவும் குடும்பத்தை ஏத்திக்கிட்டுப் போறதா இருந்தா.

பிரேக்ல எதையும் 'பாத்துக்கிடலாம்'னு விடாதீங்க. முன்னால வீலுக்கு ரெண்டு வீல் சிலிண்டர், பின்னால வீலுக்கு ஒண்ணு, மொத்தம் 6. ஆறையும் கழட்டி, உள்ள விரல் விட்டுப் பாருங்க. குழி விழுந்திருந்தா ரப்பர் கிட் மாத்தி பிரயோஜனம் இல்ல, ஒரு மாசத்துல ஒழுகும். சிலிண்டரையே மாத்துங்க. மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே விதி. ஹோஸ் மூணையும் பாக்காமலேயே மாத்துங்க. வெளியே நல்லா இருக்கும், உள்ளே ஊதிப்போய் ஆயிலைப் போக விடும், திரும்ப விடாது. மிதிச்ச பிரேக் விடாம வீல் சூடேறி நாறுறது இதனாலதான்.

டிரம்மைக் கழட்டும்போது லைனிங் தூளைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்ல கல்நார் இருக்கும். ஈரத் துணியால துடைச்சு எடுங்க. லைனிங்ல கிரவுன் ஆயில் பட்டிருந்தா பெட்ரோல்ல கழுவி மாட்டுறது வேலைக்காகாது, சூடேறினதும் ஊறின ஆயில் வெளிய வரும். ஷூ புதுசு போட்டு ஹப் சீலும் மாத்துங்க.

பிரேக் ஆயில் டாட் 3, சீல் உடைக்காத டப்பா. ஏர் எடுக்கும்போது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அட்ஜஸ்டரை வீல் பூட்டுற வரைக்கும் இறுக்கி, ஒரு சொடுக்கு பின்னால விடுங்க. முன்னால வீலுக்கு ரெண்டு அட்ஜஸ்டர் இருக்கு, ஒண்ணை விட்டுட்டா பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

கிளட்ச் பிளேட் ஃபிளைவீல்ல துருவோட ஒட்டியிருக்கு. இஞ்சின் ஓடத் தொடங்கி நல்லா சூடேறினதும் நிறுத்தி, பெடலை முழுசா அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ராத்திரி விடுங்க. மறுநாள் சுவிட்சை ஆஃப்ல வச்சு, பிளக்கைக் கழட்டி, நாலாவது கியர், ஹேண்ட் பிரேக் போட்டு, பெடல் அமுங்கின நிலையிலேயே ஹேண்டிலை விட்டு விட்டு இழுத்தா பெரும்பாலும் விட்டுரும். விடலேன்னா கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். வண்டியை ஓட விட்டு, மிதிச்சுக்கிட்டே பிரேக் அடிச்சு உடைக்குற வித்தை சிலர் சொல்லுவாங்க. பிளேட்ல உள்ள லைனிங்கே பிஞ்சு வரும், வேண்டாம்.

டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், பின் ரெண்டு வருசம். தேய்மானம் எவ்வளவு குறைவா இருந்தாலும் பத்து வருசம் தாண்டினதை மாத்துங்க. அளவு 5.90-15.

ஆர்டிஓ_வாசல்:

பேப்பர் வேலையை இன்னைக்கே தொடங்குங்க, இதுதான் எல்லாத்தையும் விட நேரம் இழுக்கும்.

ஓனர் இறந்து போனா 30 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீஸ்ல தெரியப்படுத்தணும், இறந்த நாள்லருந்து 3 மாசத்துக்குள்ள படிவம் 31ல பேர் மாற்றம் கேக்கணும். மத்திய மோட்டார் வாகன விதி 56 அப்படிச் சொல்லுது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிருச்சு. அதனால ஒண்ணும் பாழாகல, தாமதத்துக்கு உள்ளதைக் கட்டி விண்ணப்பிக்கலாம்.

தேவையானது: இறப்புச் சான்று, தாலுகா ஆபீஸ் வாரிசுச் சான்று (இ-சேவை மையத்துல போட்டா போதும்), யார் பேருக்கு மாத்துறீங்களோ அவங்களைத் தவிர மத்த வாரிசுகளோட சம்மதப் பத்திரம், அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், மாசுச் சான்று, முகவரிச் சான்று. சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்டும் கேப்பாங்க. அந்த எண் இருக்குற இடத்தை டிங்கரிங் காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிராம பாத்துக்கிடுங்க.

மூணு விஷயம் பழைய வண்டியில மாட்டிக்கிடும். ஒண்ணு, மூணெழுத்துப் பழைய நம்பரா இருந்தா அரசோட பரிவாகன் கணினியில விவரமே இருக்காது. முதல்ல பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில ஏத்துறது) போடச் சொல்லிக் கேக்கணும், அது ஏறின பெறகுதான் ஆன்லைன்ல எதுவும் நகரும். ரெண்டு, ஆர்சியில அந்தக் காலத்துக் கடனுக்கான அடமானக் குறிப்பு, அதாவது ஹைப்பாதிகேஷன், நீக்காம கிடக்கும். கடனை எப்பவோ அடைச்சிருந்தாலும் படிவம் 35ம் கடன் கொடுத்தவங்க தடையில்லாக் கடிதமும் வேணும். மூணு, பதிவு புதுப்பிக்குறதுக்குப் படிவம் 25, வண்டியை நேர்ல காட்டணும். புதுப்பிச்சா 5 வருசம். 20 வருசம் தாண்டின வண்டிக்குக் கட்டணம் நல்லா ஏறியிருக்கு, பரிவாகன்ல அன்னைக்கு உள்ள தொகையைப் பாத்துக்கிடுங்க. பசுமை வரியும் உண்டு.

15 வருசம் தாண்டின வண்டியை ஓட்டவே கூடாதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறது டெல்லி வட்டாரத்துக் கதை. இங்க அது கிடையாது. வின்டேஜ் பதிவு வேணும்னு யாராவது சொன்னா, அதுக்கு 50 வருசம் ஆகணும். 1984 வண்டிக்கு 2034 வரைக்கும் பொறுக்கணும். அந்தப் பதிவு வாங்கினா அன்றாடம் ரோட்டுல ஓட்டவும் முடியாது.

அப்புறம் அந்த டீசல் இஞ்சின் யோசனை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி முன் அனுமதி இல்லாம இஞ்சின் வகையை மாத்தக்கூடாது. நிறம் மாத்தினாலும் ஆர்சியில ஏத்தணும். ரெண்டையும் செஞ்சிட்டுப் புதுப்பிக்கப் போனா வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க.

பேப்பர் முடியுற வரைக்கும் வண்டியை இடம் மாத்தணும்னா ரெக்கவரி வண்டியில ஏத்துங்க. இறந்தவர் பேர்ல உள்ள இன்சூரன்ஸை நம்பி ரோட்டுல இறங்கி ஏதாவது ஆச்சுன்னா, மதினிக்குத்தான் தலைவலி.

பாளை_எண்ணூறு:

நன்றி அண்ணாச்சி. ஹேண்டில்ல இஞ்சின் சுத்திருச்சு. சம்ப்ல ஆயில் மட்டும்தான். கிரவுன்ல சொன்ன மாதிரியே காப்பி. வாரிசுச் சான்றுக்குப் போட்டாச்சு. ஹைப்பாதிகேஷன் நிஜமாவே பின்பக்கம் இருக்கு!

டேங்க் பெட்ரோல் வார்னிஷ் மணம் அடிக்குது. அவனோட ஸ்பேர் பெட்டி ஒண்ணும் கிடைச்சுது: பாயிண்ட், கன்டென்சர், ரப்பர் கிட், ஃபேன் பெல்ட், பம்ப் டயாப்ரம் எல்லாம் பிரிக்காத கவர்ல. அவன் வாங்கி வச்சதையே போடணும்னு பையன் நிக்குதான்.

ஊசியும்_ஜெட்டும்:

ஸ்பேர் பெட்டிக்கு முதல்ல பதில். இரும்பு, பித்தளை, பேக்கலைட் சாமான் போடலாம்: பாயிண்ட், ரோட்டார், டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) மூடி, பேரிங். கன்டென்சரைச் சோதிச்சுட்டுப் போடுங்க, பழசுல கசிவு இருக்கும். பிரேக் ரப்பர், டயாப்ரம், பெல்ட் மூணும் கவர் பிரிக்காம இருந்தாலும் வயசாகிரும். தம்பிகிட்ட சொல்லுங்க, அப்பா வாங்கின பாயிண்ட் டெல்கோவுக்குள்ள உக்காந்து ஒவ்வொரு பொறியும் அதுதான் விடப் போகுது. ரப்பர் கிட்டை பெட்டியிலயே வச்சுக்கிடலாம்.

டயாப்ரம் விஷயத்துல ரெண்டாவது காரணமும் இருக்கு. இப்ப பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1984 ரப்பர் அதுக்குச் செஞ்சதில்ல. டயாப்ரம் விரிசல் விட்டா பெட்ரோல் வெளிய ஒழுகாது, பம்ப் வழியா சம்புக்குள்ள இறங்கும். டிப் ஸ்டிக்ல ஆயில் மட்டம் ஏறிக்கிட்டே போய், முகந்து பாத்தா பெட்ரோல் மணம் வந்தா அதுதான். அந்த ஆயில்ல ஓட்டினா பேரிங் போயிரும். எத்தனால் தாங்கும் டயாப்ரம், ஃப்ளோட் ஊசி, ஹோஸ் மூணும் புதுசு போடுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும்கிறதால மாசக்கணக்கா நிறுத்தும்போது டேங்க்ல அரைகுறையா விட்டு வைக்காதீங்க.

டேங்கை இறக்கி, பழசை வடிச்சு, கைப்பிடி சிறு சரளைக்கல்லும் தண்ணியும் போட்டுக் குலுக்குங்க. துரு நிறைய இருந்தா சிட்ரிக் ஆசிட் கரைசல் ஒரு ராத்திரி, பெறகு சோடா உப்புத் தண்ணியில அலசி, வெயில்ல முழுசா உலத்துங்க. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ஒரு நாளே போதும். ஓட்டை இருந்தா காலி டேங்க்தானேன்னு வெல்டிங் வைக்க விட்டுராதீங்க, ஆவி போதும் வெடிக்க.

டேங்க் வேலை முடியறதுக்கு முன்னால இஞ்சினைச் சோதிக்க, ஒரு லிட்டர் கேனைக் கார்பரேட்டருக்குச் சற்று மேல கட்டித் தொங்கவிட்டு ஹோஸ் கொடுங்க. தீயணைப்பான் கையெட்டுற தூரத்துல இருக்கணும்.

இப்ப '12 முகம்'. எஸ்யூவுக்கு அடியில ஜெட்டை ஏத்தி இறக்குற நட்டு ஆறு முகம் உள்ளது. அதை முழுசா மேல ஏத்தினா ஜெட் உள்ளுக்குள்ள 'பாலம்'னு சொல்லுற மேட்டோட மட்டமா நிக்கும். அங்கேருந்து ரெண்டு முழுச் சுத்து கீழ, அதாவது 12 முகம். எந்த எஸ்யூ எச்எஸ் மாடலுக்கும் தொடக்கம் அதுதான்.

கார்பரேட்டர் பிஸ்டனை விரலால தூக்கி விட்டா தடையில்லாம இறங்கி 'டக்'னு சத்தம் வரணும். வரலேன்னா உள்ள அழுக்கு, இல்ல ஊசி ஜெட்ல உரசுது. பெட்ரோல்ல கழுவி, பஞ்சில்லாத துணியால துடைங்க. உப்புத்தாள் பக்கமே போகக்கூடாது. அந்த அறைக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளிதான் மொத்த வேலையும். மேல டாம்பருக்குள்ள 20 கிரேடு ஆயில்.

'காது சொல்லும்'னு எழுதினது அடுத்த கட்டம். சூடேறி ஸ்லோவுல ஓடும்போது, அடியிலுள்ள சின்ன 'பின்'னை மேல தள்ளி, கார்பரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாத் தூக்குங்க. சத்தம் லேசா ஏறி உடனே பழையபடி அமர்ந்தா சரி. ஏறி ஏறினபடியே நின்னா பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு முகம் மேல. தடுமாறி அணையப் பாத்தா பெட்ரோல் குறைவு, ஒரு முகம் கீழ. எத்தனால் பெட்ரோலுக்கு அவர் வச்சதை விட ஒண்ணு ரெண்டு முகம் கீழ போக வேண்டி வரும். அது அவர் கணக்குத் தப்புன்னு ஆகாது, பெட்ரோல் மாறிப் போச்சு.

பாயிண்ட் வைக்கும்போது ஃபயரிங் 1-3-4-2, ரோட்டார் மேலேருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுத்தும். ஒயரை மாத்தி மாட்டினா கார்பரேட்டர்ல வெடிக்கும்.

வீரவநல்லூர்_பழசு:

பெயின்ட்டைப் பத்தி யாரும் பேசல. முழுப் பெயின்ட் வேண்டவே வேண்டாம். ஒரு ஆளை நினைச்சு வைக்குற வண்டியில அவர் கை பட்ட இடமெல்லாம் போயிட்டா மிச்சம் ஒரு அம்பாசடர் மட்டும்தான். அது இன்னும் நாலு இடத்துல கிடைக்கும்.

செய்ய வேண்டியது வெள்ளச் சகதி. கார்ப்பெட்டும் அதுக்கு அடியில உள்ள சணலும் முழுசா வெளிய வரணும், சகதி ஈரத்தைப் பிடிச்சு வச்சுத் தரையைத் தின்னும். கதவுக்குக் கீழ பெட்டி மாதிரி உள்ள பகுதியில அடியில சின்னச் சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். கம்பியால குத்தித் திறந்து, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஹோஸ் விட்டு அலசுங்க. நல்லா உலந்த பெறகு உள்ளே மெழுகு ஸ்பிரே. துரு தெரியுற இடத்தை மட்டும் சுரண்டி சிங்க் பாஸ்பேட் பிரைமர், அந்த நிறத்துல ஒரு பொட்டு. ரப்பிங் காம்பவுண்டை ஓரங்கள்ல போட்டா பழைய பெயின்ட் போய்த் தகரம் தெரியும், ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கிடுங்க.

கழட்டுறதுக்கு முன்னால ஒவ்வொண்ணையும் படம் எடுங்க. ஒயர்ல ஒட்டியிருக்குற துண்டுத் தாள், போல்டுல பெயின்ட் கோடு, ஏர் ஃபில்டர் மூடியில சாக்பீஸ் கிறுக்கல், இதெல்லாம் மெக்கானிக் கைக்கு வெறும் அழுக்கு. பழுது பார்ப்பவர்கிட்ட முதல் நாளே சொல்லிருங்க, துடைக்கக்கூடாதுன்னு. கழட்டின பழைய சாமானை எடைக்குப் போடாம, கவர்ல போட்டு எங்கேருந்து எடுத்ததுன்னு பென்சில்ல எழுதி வீட்டுல கொடுங்க. மதினி வேண்டாம்னு சொன்னா அவங்களே போடட்டும்.

நோட்டை லேமினேட் பண்ணாதீங்க. சூட்டுல மை பரவும், திரும்ப எடுக்கவே முடியாது. ஈரவாடை இருந்தா பக்கத்துக்குப் பக்கம் மை ஒத்துத் தாள் வச்சு நிழல்ல உலத்துங்க. பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு பக்கத்தையும் நேரா மேலேருந்து படம் எடுத்து, அந்தந்த வண்டிக்காரருக்கு அவரவர் பக்கத்தை அனுப்பிருங்க. கிரீஸ் கறையைச் சுத்தம் பண்ணப் போகாதீங்க. பட்டறைக்கு எடுத்துக்கிட்டுப் போறது பிரிண்ட் மட்டும், அசல் வீட்டுல சிலிகா ஜெல்லோட டப்பாவுல.

வண்டியில கேசட் இருந்தா கார் டெக்ல போட்டுப் பாக்காதீங்க. பூஞ்சை பிடிச்ச நாடா ஒட்டி அறுந்துரும். வேற நல்ல டெக்ல முன்ன பின்ன ஒருக்கா ஓட விட்டுட்டுப் பெறகு பதிவு பண்ணுங்க.

தச்சநல்லூர்_டாப்பெட்:

கிரவுன் காப்பின்னா ஒரு தடவை மாத்தினா போதாது. வடிச்சு, 90 ஆயில் லெவல் பிளக்குல வழியுற வரைக்கும் ஊத்தி, பின் வீலைத் தூக்கி வச்சு மெதுவா ஓட விட்டு, சூட்டோட மறுபடி வடிங்க. தெளிவா வர்ற வரைக்கும் இதைச் செய்யுங்க. விலை குறைஞ்ச ஆயில் முதல் ரெண்டு தடவைக்குப் போதும், கடைசிக்கு நல்ல ஹைபாய்டு. கிரவுனுக்கு வாங்கின ஜிஎல் 5 தர ஆயில் மிச்சம் இருக்குன்னு கியர்பாக்ஸ்ல ஊத்திராதீங்க, உள்ள உள்ள பித்தளையை அரிக்கும்.

ரேடியேட்டர் மட்டும் வடிச்சா பாதித் தண்ணி பிளாக்லயே நிக்கும். பிளாக் பக்கவாட்டுல ஒரு வடிகால் குழாய் இருக்கு, அதைத் திறந்து கம்பி விட்டா சகதியாத் துரு வரும். போர் தண்ணி வேண்டாம். டிஸ்டில்டு தண்ணியும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை, அங்கேயும் இல்லேன்னா கொல்கத்தா மல்லிக் பஜார். எம்ஜிஏ 1500ங்கிற 1489 சிசி ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே இஞ்சின் குடும்பம், 73 மில்லிமீட்டர் போர், 88.9 ஸ்ட்ரோக். அதனால பேக்கிங் மாதிரி சில சாமான் வெளிநாட்டுலருந்தும் வரும். விலையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க!

பாளை_எண்ணூறு:

பிரேக்ல ஆறு சிலிண்டர்ல நாலு குழி. ஆர்டர் போட்டாச்சு. ஆடிக்குள்ள முடிஞ்சிருமா?

மேலப்பாளையம்_டிரம்:

தேதிக்காக அவசரப்படாதீங்க. திதிக்கு முந்தின மாசக் கடைசியில பேப்பர் கைக்கு வந்து, பிரேக் ஒழுகாம இருந்தா போகலாம். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் வேற வண்டியில பாபநாசம் போயிட்டு வாங்க. அன்னைக்கு வீட்டு முத்தத்துல இதை ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டா போதும், மதினி உக்காந்து பாக்கட்டும். அடுத்த வருசமும் ஆடி வரும்.

போறதா இருந்தா முதல்ல ஆள் ஏத்தாம சேரன்மகாதேவி வரை போய்த் திரும்புங்க. போகும்போது பத்து கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தி நாலு ஹப்பையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு மட்டும் கை வைக்க முடியாம சுட்டா அந்த வீல்ல பிரேக் பிடிச்சிருக்கு, இல்ல பேரிங். திரும்பி வந்து ஒரு ராத்திரி விட்டு, பிரேக் ஆயில் டப்பாவில மட்டம் இறங்கியிருக்கான்னு கோடு போட்டுப் பாருங்க. மயிரிழை இறங்கினாலும் எங்கேயோ ஒழுகுது.

ஊசியும்_ஜெட்டும்:

வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழி போறது இந்த வண்டிக்குச் சுகமான ரோடு, 50ஐத் தாண்ட வேண்டிய அவசியமே இல்ல. பயம் ஊருக்குள்ள நின்னு நின்னு நகரும்போதுதான். இந்த இஞ்சின்ல கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். ஓடி வந்து நிறுத்தினதும் அந்தச் சூடு மேல ஏறி, பெட்ரோல் லைன்லயே ஆவியாகும், பத்து நிமிசத்துல ஸ்டார்ட் ஆக மாட்டேங்கும். எத்தனால் பெட்ரோல்ல இது இன்னும் சீக்கிரம் வரும். நிறுத்தின உடனே பானட்டைத் திறந்து வைங்க. வந்துட்டா பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போட்டு, ஆறவிட்டு, பம்ப் அடியில உள்ள சின்ன லீவரைக் கையால நாலு தடவை அடிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஆக்சிலேட்டரை அடிச்சு அடிச்சுப் பாக்காதீங்க.

திதி ஆடி அமாவாசையை ஒட்டி விழுந்தா பாபநாசத்துக்குள்ள வண்டியைக் கொண்டு போகாதீங்க. ஆத்துல தர்ப்பணம் கொடுக்க வர்ற கூட்டமும் சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டமும் சேந்து ரோடு ஊர்ந்துதான் போகும். விக்கிரமசிங்கபுரத்துலயே நிழல் பாத்து நிறுத்திட்டு, ஆட்டோ பிடிச்சு ஆத்துக்குப் போங்க. டிக்கியில ஒரு செட் பாயிண்ட், கன்டென்சர், காயில், ஃபேன் பெல்ட், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், அஞ்சு லிட்டர் தண்ணி, அந்த இன்ச் ஸ்பேனர், ஹேண்டில் எல்லாம் இருக்கட்டும். ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு கிளம்புறதுக்கு முந்தின நாளே பாத்துருங்க.